ஊர்க்குளமும் கூரைக்குளமும்

ஓர் ஊர் எந்த அரசனுக்கு வரி செலுத்திற்று, எந்தத் தெய்வத்துக்குத் தேர் இழுத்தது, எந்தப் பஞ்சத்தில் எவ்வளவு துயருற்றது என்பனவற்றையெல்லாம் கல்வெட்டிலும் ஏட்டிலும் தேடிப் பொறுமையோடு எழுதி வைக்கும் சரித்திர ஆசிரியர்கள், அந்த ஊர் எங்கே குளித்தது, யார் யாருடன் சேர்ந்து குளித்தது, அதன் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பித்தவர் யார் என்ற கேள்விகளை அதிகமாகக் கேட்பதில்லை. என் சொந்த ஊராகிய சுந்தரபாண்டியத்தைப் பற்றி இவற்றை நானும் வெகுகாலம் கேட்டதில்லை; அவை என் மனத்தில் எழுந்தது, அவ்வூரிலிருந்து கடல் தாண்டி வெகுதூரத்தில், கூரையிட்ட ஒரு நீச்சல்குளத்தின் கரையில்தான்.

நானும் என் மனைவியும் சிங்கப்பூரில் வசிக்கும் எங்கள் மகளின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பேரப்பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, அந்தக் குடியிருப்புப் பகுதி மக்களுக்கென்று அமைந்திருக்கும் பொது நீச்சல்குளத்துக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். ஒரு பையில் துவாலைகளும் மாற்று உடைகளும், மற்றொரு பையில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லிகளும் இருந்தன; சாரல் காலத்தில் வேன் வைத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போகும் நாட்களில் எங்கள் வீட்டில் எத்தகைய பரபரப்பு இருக்குமோ, அத்தகைய பரபரப்பு அன்றும் இருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, உயர்ந்த கூரையின் கீழே, அடித்தளத்து ஓடுகளின் கோடுகள் அசைந்து தெரியும்படி தெளிந்த நீர் விரிந்து கிடந்தது. கரையில் ஓடக்கூடாது என்னும் எச்சரிக்கையை எழுதிய நான்கு மொழிகளுள் நம் தமிழும் ஒன்றாக இருந்தது. சீன முதியவர் ஒருவர் ஒரு கரைக்கும் மறு கரைக்குமாக நிதானமாக நீந்திக்கொண்டிருந்தார். உடல் முழுவதும் மூடிய நீச்சல் உடையில் ஒரு மலாய்த் தாய் தன் குழந்தையை ஏந்தி நின்றாள். எங்கள் பேரன் அவர்களுக்கு நடுவே, எவரையும் கேட்காமல், நீரில் பாய்ந்தான். என் மனைவி மட்டும் படியிலேயே நின்று, ஒரு கை நீரை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னங்க, பாசி வாடையே இல்லையே, இது என்ன தண்ணி?" என்று கேட்டாள்.

அக்கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. ஊர் திரும்பிய பின் யோசித்து யோசித்துத் தேடிய விடையே இக்கட்டுரை.

வத்திராயிருப்புக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரச் சமவெளியில், பாண்டியரின் பெயரைத் தாங்கி நிற்பது சுந்தரபாண்டியம். மேற்கே சதுரகிரி மலையும் அதை அடுத்த காடுகளும் நிற்க, அவற்றின் சரிவுகளில் பிறக்கும் ஓடைகள் திரண்டு அர்ச்சுனா நதியாகி, கிழக்கே சென்று வைப்பாற்றில் கலக்கின்றன. நதி என்னும் பெயர் இருந்தாலும், ஆண்டின் பெரும்பகுதியில் அது மணற்பரப்பாகவே கிடக்கும். மலையில் பெருமழை பெய்தால், சமவெளியில் ஒரு துளியும் விழாதிருக்கும்போதே, சில நாழிகைக்குள் கரை தொட்டு ஓடும். இத்தகைய நதியை நம்பி நித்திய ஸ்நானம் செய்ய இயலாது. ஆகவே, ஓடிப்போகும் நீரைப் பிடித்து நிறுத்தும் வித்தையிலேயே எங்கள் பிரதேசத்து முன்னோரின் புத்தி முழுவதும் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகளும் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே, ஓடைகளின் வழியெங்கும் கண்மாய்கள் வெட்டப்பட்டிருந்தன.

கண்மாய் உழவுக்காக உண்டாயிற்று எனினும், நீச்சல் என்பது ஒரு தொழிலாகவும் பொறுப்பாகவும் முதலில் மதிக்கப்பட்டது அங்கேதான் என்று சொல்லலாம். பழைய கண்மாய்களில் கரைக்கு உட்புறமாகச் சற்றுத் தள்ளி, நீர்ப்பரப்புக்கு நடுவே, இரண்டு கல்தூண்கள் நிற்பதைக் காணலாம். குமிழி என்று வழங்கும் அந்த அமைப்பின் அடியில், துளையை அடைத்துக்கொண்டு ஒரு கல் இருக்கும். அதைத் தூக்கினால், கரைக்கு அடியில் செல்லும் கால்வாய் வழியே நீர் வயலை நோக்கிப் பாயும். கண்மாய் நிறைந்து கிடக்கும் காலத்தில் அக்கல்லை எட்டுவதற்கு ஒருவன் நீந்திச் செல்லவேண்டும். வேண்டுமானால் மூச்சடக்கி முங்கவும் வேண்டும். அந்தக் கடமையை ஏற்றவரைப் பாண்டிய நாட்டார் மடைக்குடும்பர் என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் அழைத்தனர். வெள்ளம் பெருகிக் கரை உடையும் அபாயம் நேரும் இரவில், ஊர் முழுவதும் கரைமேல் கூடி நிற்க, இருளில் நீரில் இறங்குபவர் அவர் ஒருவரே. குமிழி அமைத்துக் கொடுத்த தருமவான்களின் பெயர்களைப் பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் பொறித்து வைத்திருக்கின்றன. அதன் அடியில் முங்கி எழுந்தவரின் பெயரோ நீரிலேயே எழுதப்பட்டுக் கரைந்துவிட்டது.

உழைப்புக்காக நீந்தியவர் ஒருபுறமிருக்க, இன்பத்துக்காக நீரில் பாய்வதும் தமிழருக்குப் புதிதன்று. வையையில் புதுவெள்ளம் வருவதையும், மதுரை மக்கள் அதில் இறங்கி ஆடுவதையும் பரிபாடற் புலவர்கள் விரித்துப் பாடினர். காவிரிப் புதுப்புனலில் ஆடிய ஆட்டனத்தியை நீர் இழுத்துச் செல்ல, அவனைத் தேடி அவன் மனைவி ஆதிமந்தி கரையோரமாக அரற்றிச் சென்ற கதை, நீராட்டில் மகிழ்ச்சியும் மரணமும் அருகருகே நின்றதை உணர்த்துகிறது. இவை எல்லாவற்றிலும் என் நெஞ்சைத் தொடுவது புறநானூற்றில் 243-ஆம் பாட்டு. தண்டூன்றி, இருமலுக்கிடையே பேசும் ஒரு முதியவர், தாம் சிறுவராக இருந்தபோது மடுவின் கரையிலிருந்த மருத மரத்தின் கிளையேறிக் குதித்ததையும், பார்த்தவர் திகைக்க அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்ததையும் நினைந்து ஏங்குகிறார். ஆழத்தைத் தொட்டுத் திரும்பியதற்கு ஒரு பிடி மணலே அத்தாட்சி. அந்தப் புலவரின் இயற்பெயரை இலக்கியம் பாதுகாக்கவில்லை. அவர் பாட்டிலுள்ள ஊன்றுகோலைக் கொண்டே அவரைத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். அவர் அள்ளிய மணலை மட்டும் ஈராயிரம் ஆண்டுகளாக நாம் சிந்தவிடவில்லை.

எங்கள் ஊரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தால், நீராடல் பக்தியாக மாறி நிற்பதைக் காண்கிறோம். மார்கழி மாதத்து விடியலில் தோழியரை ஒவ்வொருவராக எழுப்பிக்கொண்டு, கூட்டமாக நீராடச் செல்வதையே ஆண்டாள் தன் திருப்பாவையின் முப்பது பாசுரங்களுக்கும் களமாகக் கொண்டாள் என்பதை நாம் ஓதி ஓதிப் பழகிவிட்டதால், அதன் சமூகப் பொருளைக் கவனியாமலே விட்டுவிடுகிறோம். அவள் தனியே போகவில்லை, உறங்குபவளையும் விடவில்லை. ஊரின் திருமுக்குளத்துக்குக் கங்கை, யமுனை, சரஸ்வதி ஆகிய மூவரும் வந்தனர் என்று ஸ்தல புராணம் கூறும்போது, நதிகளுக்கும் கூடக் கூட்டமாக நீராடும் ஆசை உண்டென்று அது நம்பியதாகவே தோன்றுகிறது. மார்கழியில் இன்றைக்கும் ஆண்டாள் திருமுக்குளத்தின் கரை மண்டபத்துக்கு எழுந்தருளுகிறாள். பல மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலத்தால் எண்ணெய்க்காப்பு நடைபெற, நீராட்டு உற்சவம் நிகழ்கிறது. குளம் நிறைந்த ஆண்டில் அவ்வுற்சவத்தைக் காணும் ஆனந்தமும், குளம் வறண்ட ஆண்டில் காணும்போது மனத்தில் தோன்றும் வெறுமையும் வேறு வேறு.

ஆயினும், என் தலைமுறையினர் நீந்தக் கற்றது பெரும்பாலும் தோட்டத்துக் கிணறுகளில். மாடுகள் முன்னும் பின்னும் நடந்து கமலை இறைத்த அகன்ற கிணறுகள் எங்கள் பகுதியெங்கும் இருந்தன. 1944-ஆம் ஆண்டில் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, பின்னர்ச் சிறுகச் சிறுகக் கிராமங்களுக்கும் மின்சாரம் வந்தபோது, கமலைக்காலின் பக்கத்தில் மோட்டார் அறைகள் எழுந்தன. பிள்ளைகளுக்கோ, குதிப்பதற்கு உயரமான ஒரு மேடை கிடைத்தது. கற்பிக்கும் முறை பரம்பரையாக வந்தது. காய்ந்த சுரைக்குடுக்கையையோ, கனமில்லாத கல்யாண முருங்கைக் கட்டையையோ முதுகில் கட்டி, இடுப்பில் ஒரு கயிற்றைப் பிணைத்து, மாமனோ சித்தப்பனோ பிள்ளையை நீரில் இறக்குவார். நாள் செல்லச் செல்லக் கட்டையைச் சிறிதாக்கி, ஒரு நாள் சொல்லாமலே அதை அவிழ்த்துவிடுவார். முங்கு நீச்சல், மல்லாந்த நீச்சல், கரணம் போட்டுக் குதித்தல் என்று படிப்படியாகச் செல்லும் அந்தப் பாடத்திட்டத்துக்குப் புத்தகமும் இல்லை, கட்டணமும் இல்லை. என் மனைவியும் தன் தகப்பனார் தோட்டத்துக் கிணற்றில் அண்ணன்மாரோடு கற்றவளே. வயதுக்கு வந்த மறுநாள் முதல் அவளுக்குக் கிணற்றுப்படி அடைக்கப்பட்டது. இவ்வாறு, நீந்தத் தெரிந்திருந்தும் நீரைப் பிரிந்து வாழ்ந்த பெண்கள் எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ பேர்.

பெண்களுக்கு அடைபட்டது வயதினால். வேறு பலருக்குப் பிறப்பினாலேயே அடைபட்டது. கண்மாயின் மடையை உயிரைப் பணயம் வைத்துத் திறந்தவரின் மக்கள், அதே ஊரின் கிணற்றிலும் கோயில் தீர்த்தத்திலும் கால் நனைக்க இயலாதிருந்த காலம் உண்டு என்பதை மறைத்துவிட்டு இச்சரித்திரத்தை எழுதுவது பாவமாகும். 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில், பொதுச்சாலைகளும் பொதுக்கிணறுகளும் குளங்களும் எல்லா ஜாதியாருக்கும் உரியவை என்று அரசாங்கம் அறிவித்தது. 1927-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20-ஆம் தேதி, மகாட் நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல் அமலுக்கு வந்த அரசியல் சாசனம், தன் 15-ஆம் பிரிவில், கிணறு, குளம், ஸ்நான கட்டம் என்று பெயர் சொல்லியே குறித்து, ஜாதி மதம் காரணமாக எவரையும் அவற்றிலிருந்து தடுக்கக் கூடாது என்று விதித்தது. ஒரு தேசத்தின் அடிப்படைச் சட்டம் படித்துறையைக் குறிப்பிட நேர்ந்தது என்றால், அந்தப் படித்துறையில் எவ்வளவு அவமானம் நிகழ்ந்திருக்கவேண்டும்! அன்றைய தினத்தில் சென்னை ராஜ்யத்தின் முதல்வராக இருந்தவர், எங்கள் பக்கத்து நகரமான ராஜபாளையத்தில் பிறந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா என்பதை எண்ணும்போது, சட்டத்தின் அந்த வாசகம் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரைக்கு மிக அருகே வந்துவிட்டதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரம், பொது நீச்சல்குளங்களில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து நீந்தவேண்டிய நிலை வந்தபோது, குளங்களையே மூடிவிட்டது. அவ்வாறு மூடியதை 1971-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் தடுக்கவில்லை. ஒரே சாலையில் நடக்கவும், ஒரே கடையில் வாங்கவும் இசைந்த மனிதர், ஒரே நீரில் இறங்க இசையாத காரணம் என்ன? நீர் ஒருவர் உடலைத் தொட்டுவிட்டு உடனே மற்றவர் உடலையும் தொடுகிறது. அதனாலேயே, ஒரு சமூகம் உண்மையில் சமூகமாக இருக்கிறதா என்பதை அதன் குளத்தங்கரையில் நின்று அறியலாம்.

நம் பழைய குளங்களைப் புகழும்போது மற்றோர் உண்மையையும் சொல்லவேண்டும். புனிதம் வேறு, சுத்தம் வேறு. படிக்கிணறுகளில் இறங்கி நீர் எடுத்த இந்தியக் கிராமங்கள் பலவற்றில் நரம்புச்சிலந்தி நோய் தலைமுறை தலைமுறையாக மக்களை வாட்டியது. நோயுற்றவரின் கால்புண் நீரில் படும்போது வெளிப்படும் நுண்புழு, அந்த நீரைப் பருகுபவரின் உடலுக்குள் புகுந்து வளர்ந்தது. கிணற்றில் கால் படாதபடி செய்வதும், நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுவதுமே அதற்கு மருந்தாயின. 1996-ஆம் ஆண்டோடு அந்நோய் இந்தியாவில் மறைந்தது. 2000-ஆம் ஆண்டில் நம் நாடு அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. என் மனைவி தேடிய பாசி வாடை இனியது. ஆனால் அதனோடு சேர்ந்து வந்தவை எல்லாம் இனியவை அல்ல.

கூரைக்குளத்தின் பிறப்பும் சுத்தத்தைத் தேடியதிலிருந்தே நிகழ்ந்தது. சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில், ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள பெருங்குளத்தைச் செங்கல்லால் கட்டி, நீர் கசியாமல் நிலக்கீல் பூசியவர்கள் நம் உபகண்டத்தவரே. எனினும், இன்று நாம் காணும் பொது நீச்சல்குளத்தின் நேர்முன்னோர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் தோன்றிய பொதுக் குளியல் இல்லங்கள். லிவர்ப்பூல் நகரத்தில் 1832-ஆம் ஆண்டு காலரா பரவியபோது, கிட்டி வில்கின்சன் என்ற ஏழைப் பெண்மணி, தன் வீட்டு வெந்நீர்க் கொப்பரையை அண்டை அயலார் துணி வெளுக்கத் திறந்துவிட்டாள். அந்தச் சிறு தொண்டு ஊரின் மனசாட்சியைத் தூண்டி, 1842-இல் அங்கே ஏழைகளுக்கான பொதுக் குளியல் இல்லம் ஒன்று எழுந்தது. 1846-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு இயற்றிய சட்டம், நகரசபைகள் பொதுப்பணத்தில் இத்தகைய இல்லங்களைக் கட்ட வழி செய்தது. வீட்டில் குளிக்க வசதியற்ற தொழிலாளியின் உடலழுக்கைப் போக்க வந்த தொட்டிகளோடு, அவன் பிள்ளைகள் நீந்தும் குளங்களும் சேர்ந்தன. குளிர் நாடாகையால் மேலே கூரை வந்தது. 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நீச்சற்போட்டிகள் வெம்பிளியில் கூரையின் கீழேயே நடந்தன.

சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல்குளம் 1931-ஆம் ஆண்டு ஜனவரியில் மவுண்ட் எமிலிக் குன்றின்மேல் திறக்கப்பட்டது. அதற்குமுன் அது நகருக்குக் குடிநீர் தந்த தேக்கம் என்பதை அறிந்தபோது, தாகம் தீர்த்த நீரிடமே பின்னர்க் குளிக்கும் இடமாகவும் ஆவது எங்கள் ஊருக்கு மட்டுமன்றி எல்லா ஊருக்கும் பொதுவான வழி என்று உணர்ந்தேன். அந்நாட்டில் 2010 முதல் பிள்ளைகளுக்கு நீச்சலோடு, நீரில் அபாயம் நேர்ந்தால் தன்னையும் பிறரையும் காக்கும் முறையையும் ஒரு தேசியத் திட்டமாகவே கற்பிக்கிறார்கள்.

நம் பக்கத்திலோ, சென்னையில் மெரினாக் கடற்கரை நீச்சல்குளமும், 1995-ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டுகளை முன்னிட்டு வேளச்சேரியில் எழுந்த நீச்சல்குள வளாகமும் இருக்கின்றன. ஆனால் சுந்தரபாண்டியத்துச் சிறுவனுக்கு அவை வெகுதூரம். அவன் பாட்டன் நீந்திய கிணறு இன்று வறண்டு, அதன் பக்கத்தில் பல நூறு அடி ஆழத்துக்கு இறங்கிய ஆழ்துளைக் குழாயில் நீர் ஏறுகிறது. அந்தக் குழாயில் எந்தப் பிள்ளை நீந்த முடியும்? கற்பித்த மாமனும் சித்தப்பனும் பிழைப்பைத் தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். எப்போதோ ஒரு நல்ல மழையில் கண்மாய் நிறையும்போது, நீந்தத் தெரியாத பிள்ளைகள், மண் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்பதை அறியாமல் அதில் இறங்குகிறார்கள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பத்திரிகையில் வரும் அந்தச் செய்திகளை நான் முழுவதும் படிப்பதில்லை. படிக்க மனம் தாங்குவதில்லை. ஆட்டனத்தியின் கதை புராதன காலத்தோடு முடிந்துவிடவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. கண்மாயைத் தூர்வாருவதும், திருமுக்குளத்தை நிரப்புவதும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியமாக, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு வட்டாரத்துக்கென்று ஒரு பொது நீச்சல்குளம் எழவேண்டும். அதன்மேல் கூரை வேண்டும். எங்கள் வெயிலுக்கு நிழலாகவும், எங்கள் பெண்களுக்கு மறைவாகவும் அது பயன்படும். அவர்களுக்கென்று தனி நேரம் வேண்டும். அரைக்கால் சட்டையோடு வரும் ஏழைப் பிள்ளையும் கொடுக்கக்கூடிய அளவிலேயே கட்டணம் இருக்கவேண்டும். யாருடைய பிள்ளை என்று கேட்கும் வாயில்காப்போன் அங்கே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து நீரைவிட்டுக் கண்ணெடுக்காத ஒருவர் அங்கே இருக்கவேண்டும். சிங்கப்பூர்க் குளத்தில் அத்தகைய காவலரைக் கண்டபோது, நான் கைகூப்பத்தக்க ஒருவராகவே அவர் எனக்குத் தோன்றினார். பிறருக்காக எந்த நேரமும் நீரில் இறங்கச் சித்தமாயிருந்த மடைக்குடும்பரின் கடமையை அவர் ஏற்றிருந்தார்; இவருக்குச் சம்பளமும் உண்டு, மரியாதையும் உண்டு என்பதே நான் கண்ட வித்தியாசம்.

அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வெகுநேரம் படியில் நின்ற என் மனைவி, மகள் வாங்கி வந்திருந்த முழுநீள உடையில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல இறங்கினாள். இடுப்பளவு நீரில் சிறிது நேரம் நின்றாள். பிறகு ஒருவரும் சொல்லாமலே, கண்ணை மூடி மல்லாந்து, கையை விரித்து மிதந்தாள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நீரைத் தொடாத அந்த உடம்பு, தன் தகப்பனார் தோட்டத்துக் கிணற்றில் கற்ற பாடத்தில் ஓர் எழுத்தையும் மறக்கவில்லை. மறுபக்கத்தில் பயிற்சியாளர் ஆழத்தில் எறிந்த ரப்பர் வளையத்தை எடுப்பதற்காகப் பேரன் முங்கினான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். நீர் கலங்கி, பின்பு தெளிந்து, அதற்குள்ளிருந்து முதலில் அவன் கை மேலே வந்தது. கையில் வளையம் இருந்தது. மருத மரமும் இல்லாமல், மணலும் இல்லாமல், ஆழத்தைத் தொட்டு வந்ததற்கான அத்தாட்சியை அவன் பாட்டியிடம் நீட்டினான். மிதந்தவாறே அவள் அதை வாங்கிக்கொண்டாள்.